பஞ்சியும் ஏலாமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பேச்சுவழக்கிலே பஞ்சி என்றொரு சொல் உண்டு. ஏலாமை என்று இன்னொரு சொல்லும் உண்டு. செய்வதற்கு உடலில் வலு இருந்தும் மனம் எழாதிருப்பதைப் பஞ்சி என்கிறோம். மனம் எழுந்தும் உடலில் வலு இல்லாதிருப்பதை ஏலாமை என்கிறோம். "அவருக்கு ஏலாமல் கிடக்குது" என்று அயலவர் சொல்லும்போது அதிலே இரக்கம் இருக்கிறது. "அவருக்குப் பஞ்சி" என்று சொல்லும்போது அதிலே பழிப்பு இருக்கிறது. ஆனால் வாசற்படியில் நின்று நோக்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பகற்பொழுதிலே ஒருவர் பாயிற் கிடக்கிறார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வீக்கமும் இல்லை. அவர் கிடப்பது பஞ்சியாலா, ஏலாமையாலா என்பதை யார் தீர்ப்பது? எதைக்கொண்டு தீர்ப்பது?

இந்தக் கேள்வி வைத்திய உலகத்தை நூற்றைம்பது ஆண்டுகளாகக் கலக்கி வந்திருக்கிறது. ஆங்கிலத்திலே குரோனிக் பற்றீக் சின்ட்ரோம் என்று வழங்கும் நீடித்த களைப்பு நோயின் வரலாறு, பெரும்பாலும் இக்கேள்விக்கு அறிஞர் கூறிய பிழையான விடைகளின் வரலாறு எனலாம். அவ்வரலாற்றிலே நோயாளியாகவும் ஆராய்ச்சியாளராகவும் ஒருங்கே நின்ற ஒரு பேராசிரியரைப் பற்றியும், அவர் எடுத்துப் பேசிய வழக்கு நமது குடாநாட்டுக்கு எவ்வாறு உரியதாகிறது என்பதைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகின்றேன்.

முதலிலே நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம். நாள் முழுவதும் தோட்டங் கொத்தியவனுக்கு வரும் களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீர்ந்துவிடும். இந்நோயிலே உறக்கம் களைப்பைத் தீர்ப்பதில்லை. உறங்கி எழும்போதே உடல் ஓய்ந்து கிடக்கும். 2015ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியக் கழகம் இந்நோயை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை அதன் குறிகளை வரையறுத்தது. முன்னர் செய்துவந்த வேலைகளைச் செய்யமுடியாதபடி ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் ஆழ்ந்த களைப்பு ஒன்று. சிறிது முயன்றாலும் அதன் பின்னே நாட்கணக்காக உடல் வீழ்ந்துவிடுதல் மற்றொன்று. புத்துணர்ச்சி தராத உறக்கம் மூன்றாவது. இவற்றோடு, நினைவும் சிந்தனையும் மங்குதல், அல்லது எழுந்து நிற்கும்போது உடல் தாங்காது தளர்தல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். நோயாளருள் காற்பங்கினரேனும் ஏதோ ஒரு காலத்தில் வீட்டை விட்டோ படுக்கையை விட்டோ வெளிவர இயலாத நிலையை அடைகின்றனர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

இக்குறிகளுள் தனிச்சிறப்புடையது இரண்டாவதாகச் சொன்ன வீழ்ச்சியேயாகும். சோம்பியிருப்பவன் நடக்கத் தொடங்கினால் அவனுக்கு உற்சாகம் பிறக்கும். மனச்சோர்வுற்றவருக்கும் சிறிது உலாவுதல் பல வேளைகளில் நன்மை செய்யும். இந்நோயாளரோ ஒருநாள் முயன்று ஒரு கருமத்தைச் செய்துவிட்டால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதற்குரிய வட்டியையும் முதலையும் சேர்த்துக் கட்டவேண்டியிருக்கிறது. பஞ்சிக்கும் ஏலாமைக்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் இருக்கின்றது.

இனி, வரலாற்றை நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். நோய்களுக்குப் பெயரிட்டு அவற்றின் குணங்களை வகுத்தல் இங்கே பழைய வழக்கம். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. அவ்வழக்கத்தை மேலைநாட்டு வைத்தியத்தோடு பொருத்தியவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் 1822ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தவர். 1847இலே யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலே வைத்தியமும் செய்து வைத்தியக் கல்வியும் ஊட்டினார். 1852இலே அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரோடு அவருடைய முதலாவது தமிழ் வைத்திய நூல் வெளிவந்தது.

பத்து ஆண்டு உழைப்பிலே கிறீனின் உடல் நலிந்தது. 1857இலே தாயகம் திரும்ப நேர்ந்தது. 1862இலே மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திலே கற்றவர் உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்வர், தமிழிலே கற்றவர் தம் கிராமத்தவரோடு தங்குவர் என்பது அவர் கருத்து. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியன 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இலே உடல்நலம் மீண்டும் இடங்கொடாமையால் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். ஆயினும் நூற்பணியை நிறுத்தினாரல்லர். வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களை எழுதியும் திருத்தியும் வந்தார். மனுஷ சுகரணம் 1883இலே வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே மாதத்திலே, அவர் காலமானார். தாம் தமிழருக்கு வைத்திய ஊழியம் புரிந்தவர் என்பது தமது கல்லறையிற் பொறிக்கப்படவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர்.

கிறீனுக்கு இருந்தது நாம் பேசும் நீடித்த களைப்பு நோய் என்று நான் கூறவில்லை. வெப்பநாட்டு நோய்களும் மிகையான உழைப்பும் ஒரு மனிதரை எத்தனையோ வழிகளில் நலிவிக்கலாம். ஆனால் உடல் முறிந்த பின்னும் தம் அறிவுப்பணியை விடாது, படுக்கைக்கும் மேசைக்கும் இடையே அதனைச் செய்து முடித்த கல்விமான் ஒருவர் நமது வைத்திய வரலாற்றின் வாயிலிலேயே நிற்கிறார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் கலைச்சொல் ஆக்குவதற்கு வகுத்துக்கொண்ட விதியும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரு பொருளுக்குத் தமிழிலே சொல் உண்டா என்று முதலில் தேட வேண்டும். இல்லையெனில் வடமொழியில் தேட வேண்டும். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இவ்விதி நமக்குப் பின்னர் பயன்படும்.

கிறீன் மானிப்பாயிலே தமிழில் வைத்தியங் கற்பித்துக்கொண்டிருந்த அதே காலத்திலே, 1869இலே, நியூயோர்க்கிலே ஜோர்ஜ் பியர்ட் என்னும் வைத்தியர் நியூரஸ்தீனியா என்ற பெயரைப் பரப்பினார். நரம்பின் வலு குன்றுதல் என்பது அதன் பொருள். மூளையால் உழைப்போருக்கும் நாகரிக வாழ்வின் வேகத்துக்கு உட்பட்டோருக்குமே இது மிகுதியாய் வரும் என்று அவர் கருதினார். இக்கருத்திலே ஒரு தீமை ஒளிந்திருந்தது. செல்வர் தளர்ந்தால் அது நோயாயிற்று. ஏழை தளர்ந்தால் அது சோம்பலாயிற்று. இந்த வேறுபாடு பின் நூறாண்டுக்கு மேலாக மறையவில்லை.

1855இலே கிரிமியப் போர்க்களத்திலே காய்ச்சலுற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் கதையும் இக்காலத்ததே. தாயகம் திரும்பிய பின்னர் அவர் நெடுங்காலம் பெரும்பாலும் அறையினுள்ளும் படுக்கையிலும் வாழ்ந்தார். அங்கிருந்தே இராணுவ வைத்தியசாலைகளையும் இந்தியாவின் சுகாதார நிலையையும் பற்றிய அறிக்கைகளுக்கு உழைத்தார். அவருடைய நோய் இன்னதென்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் அவர் பிறந்த மே மாதம் 12ஆந் திகதியையே இந்நோயாளர் தமது விழிப்புணர்வு நாளாகக் கொண்டிருக்கின்றனர்.

நோயின் தற்கால வரலாறு இலண்டனிலே தொடங்குகிறது எனலாம். 1955ஆம் ஆண்டு யூலை மாதத்திலே அந்நகரத்து றோயல் பிறீ வைத்தியசாலையிலே ஒரு புதிய நோய் பரவிற்று. பாதிக்கப்பட்டவர் வைத்தியசாலை ஊழியர் 292 பேர். சிகிச்சைக்காக அங்கே படுத்திருந்த நோயாளரோ மிகச் சிலரே பாதிக்கப்பட்டனர். டொக்டர்மாரும் தாதிமாரும் தாமே படுக்கையில் வீழ்ந்தமையால் வைத்தியசாலையைச் சில காலம் மூடவேண்டியதாயிற்று. சிலர் விரைவிலே தேறினர். வேறு சிலருக்குத் தசைவலியும் தளர்ச்சியும் ஆண்டுக்கணக்காக நீடித்தன. இந்நோய்க்கு மயால்ஜிக் என்செபலோமைலைற்றிஸ் என்னும் பெயர் 1956இலே வழக்கில் வந்தது. அங்கே தொற்றுநோய் நிபுணராயிருந்த டொக்டர் மெல்வின் றாம்சே அந்நோயாளருக்காகத் தம் வாழ்நாள் முடியும்வரை பேசினார். 1969இலே உலக சுகாதார நிறுவனம் தனது நோய்ப் பட்டியலிலே இதனை நரம்புத் தொகுதி நோய்களுடன் சேர்த்தது.

ஆனால் அடுத்த ஆண்டிலே வழக்கு தலைகீழாயிற்று. மக்கிவீடி, பியர்ட் என்னும் இரண்டு மனநோய் வைத்தியர்கள் 1970இலே ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவர் முன்னர் சொன்ன ஜோர்ஜ் பியர்ட் அல்லர். றோயல் பிறீயிலே நிகழ்ந்தது கூட்டத்தாரிடையே பரவிய உளக்கிளர்ச்சியேயன்றி உடல்நோயன்று என்பது அவர்கள் முடிவு. பாதிக்கப்பட்டோருள் பெண்கள் மிகுதி என்பதை அதற்கு ஒரு முக்கிய ஆதாரமாகக் காட்டினர். பழைய குறிப்பேடுகளைப் பார்த்தார்களேயன்றி, நோயுற்ற தாதிமாரை நேரிற் கண்டு உசாவவில்லை. இருந்தும் அவர்கள் சொல்லே பல ஆண்டுகள் நிலைத்தது. நோயாளியிடம் கேளாமலே நோயைப் பற்றித் தீர்ப்புக் கூறலாம் என்ற துணிவு எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

1980களின் நடுவிலே அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே இன்கிளைன் விலேச் என்னும் ஊரிலே இவ்வகை நோய் பலரைப் பீடித்தது. அதன் பின், 1988இலே, அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆதரவில் கூடிய அறிஞர் நீடித்த களைப்பு என்ற பொருளுடைய புதுப்பெயரை இட்டனர். பத்திரிகைகளோ இதனைப் பணம் படைத்த இளம் உத்தியோகத்தரின் சளிக்காய்ச்சல் என்று எள்ளி நகையாடின. நாட்டிலே இந்நோயுடையோர் இலட்சத்துக்குப் பத்துப் பேரிலும் குறைவு என்று அக்காலத்து அரசாங்கக் கணக்குக் கூறிற்று.

இந்தக் கட்டத்திலேதான் நான் சொல்லவந்த பேராசிரியர் வருகின்றார். சிக்காகோ நகரத்து டீபோல் பல்கலைக்கழகத்திலே சமுதாய உளவியல் கற்பித்த லெனாட் ஜேசன் என்பவர், 1980களின் இறுதியிலே சுரப்பிக் காய்ச்சல் எனப்படும் தொற்றுநோய்க்கு ஆளானார். காய்ச்சல் நீங்கியது. களைப்பு நீங்கவில்லை. கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் நிறுத்திப் படுக்கையை நாடவேண்டிய நிலை வந்தது. பகுதியளவில் தேறி மீண்டும் பணிக்கு வந்தபோது, தம் நோயையே தம் ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார்.

அவர் முதலில் தொட்டது அரசாங்கக் கணக்கையே. அக்கணக்கு எவ்வாறு எடுக்கப்பட்டது? வைத்தியர்களிடம், "உங்களிடம் இந்நோயாளர் வருகின்றனரா?" என்று கேட்டு எடுக்கப்பட்டது. வைத்தியரிடம் செல்லப் பணமில்லாதவர் அதிலே இல்லை. சென்றும் நம்பப்படாதவரும் அதிலே இல்லை. ஆகவே ஜேசனும் அவருடைய குழுவினரும் சிக்காகோவிலே எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த வீடுகளுக்குத் தொலைபேசியிற் பேசினர். 18,675 பேரிடம் உசாவினர். களைப்புற்றோரை வரவழைத்துப் பரிசோதித்தனர். 1999இலே முடிவு வெளியாயிற்று. இலட்சத்துக்குப் பத்துப் பேரல்லர், 422 பேர் இந்நோயுடையோர் என்று தெரிந்தது. அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினருக்கு இதற்கு முன் எந்த வைத்தியரும் இந்நோயின் பெயரைச் சொல்லவில்லை. நோய் மிகுந்திருந்தது செல்வரிடையே அன்று. கல்வியும் தொழில்நிலையும் குறைந்தோரிடையேயும் சிறுபான்மை இனத்தவரிடையேயும் பெண்களிடையேயுமே அது மிகுந்திருந்தது. பியர்ட் காலத்திலிருந்து வந்த பொய்மை ஓர் எண்ணினாலே உடைந்தது.

அடுத்து அவர் நோயின் பெயரை ஆராய்ந்தார். வைத்தியப் பயிற்சி பெறுவோரிடம் ஒரே நோயாளியின் விவரத்தையே மூன்று பெயர்களோடு கொடுத்தார். சிலருக்கு நீடித்த களைப்பு என்ற பெயரும், சிலருக்கு மயால்ஜிக் என்செபலோபதி என்ற பெயரும், சிலருக்குப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் நோய் என்ற பெயரும் கொடுக்கப்பட்டன. குறிகள் அனைத்தும் ஒன்றே. ஆயினும் மயால்ஜிக் என்ற பெயரைக் கண்டவர்களே இது உடலைச் சார்ந்த நோய் என்று மிகுதியாகக் கருதினர். ஒரு பெயர் வைத்தியரின் கண்ணையே மாற்றுகிறது என்பதை இவ்வாய்வு 2001இலே காட்டிற்று. களைப்பு யாருக்குத்தான் இல்லை? நாள்தோறும் எல்லோரும் சொல்லும் ஒரு சொல்லை நோய்க்குப் பெயராக வைத்தால், அந்நோயும் நாள்தோறும் எல்லோருக்கும் வரும் சிறு துன்பமாகவே மதிக்கப்படும் அன்றோ?

நோயாளர் தமக்குள்ள வலுவின் எல்லைக்குள்ளே வாழப் பழகவேண்டும் என்பது ஜேசன் வற்புறுத்திய மற்றொரு கருத்து. இதனை விளக்குவதற்கு நம் குடாநாட்டுக் கிணறுகளைவிடச் சிறந்த உவமை கிடையாது. நமது சுண்ணக்கல் நிலத்தினடியிலே மழையால் ஊறிய நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. ஊறும் அளவுக்கேற்ப இறைத்தால் கிணறு ஆண்டு முழுவதும் நன்னீர் தரும். பொறியைப் பூட்டி ஒரேநாளில் மிகையாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். பின்னர் எத்தனை நாள் காத்திருந்தாலும் பழைய சுவை எளிதில் மீளாது. இந்நோயாளரின் உடலும் அத்தகைய கிணறு. இறைக்க இறைக்க ஊறும் என்ற பழமொழி எல்லாக் கிணற்றுக்கும் பொருந்தாது என்பதை யாழ்ப்பாணத்துக் கமக்காரன் நன்கறிவான்.

இவ்வுண்மையை உணராமையால் ஒரு பெரும் வாதமும் எழுந்தது. 2011இலே பிரித்தானியாவிலே 641 நோயாளரைக்கொண்டு நடத்தப்பட்ட ஒரு பரிசோதனை, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதும் எண்ணங்களைத் திருத்தும் உளச்சிகிச்சையும் பயன்தரும் என்று கூறிற்று. பயிற்சியால் தம் நிலை மோசமாயிற்று என நோயாளர் பலர் முறையிட்டனர். அவர்களுள் சிலர் ஆய்வின் தரவுகளைச் சட்டத்தின் வழியாகக் கேட்டு வாங்கினர். 2018இலே அவற்றை மீளக் கணித்து, கூறப்பட்ட பயன் அத்துணைப் பெரிதன்று என்று வெளியிட்டனர். ஆய்வை நடத்தியோர் தம் முடிவையே இன்னும் வலியுறுத்துகின்றனர். எனினும் 2021 ஒக்டோபரிலே பிரித்தானியாவின் வைத்திய வழிகாட்டு நிறுவனம், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுக்கலாகாது என்று தன் நெறிமுறையைத் திருத்திற்று.

நேயர்களே, இவையெல்லாம் சிக்காகோவிலும் இலண்டனிலும் நிகழ்ந்தவை, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நோய் பெரும்பாலும் எங்ஙனம் தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் விடை தெளிவாகும். அவுஸ்திரேலியாவிலே டப்போ என்னும் ஊரிலே மூன்று வகைத் தொற்றுநோய்களுக்கு ஆளான 253 பேரை அறிஞர் தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதத்தின் பின் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் நீங்காத களைப்புக்கு ஆளாகியிருந்தனர் என 2006இலே அறிவித்தனர். யாருக்குக் களைப்பு நீடித்தது என்பதை முன்கூட்டியே காட்டியது தொடக்கத்துக் காய்ச்சலின் கடுமை. நோயாளரின் மனப்பாங்கு அதனைக் காட்டவில்லை. அம்மூன்று தொற்றுக்களுள் ஒன்று றொஸ் றிவர் வைரசு. அது நுளம்பாற் பரவுவது. நமக்கு நன்கு தெரிந்த சிக்குன்குன்யா வைரசின் இனத்தைச் சேர்ந்தது.

டப்போ ஆய்வு வெளிவந்த அதே 2006ஆம் ஆண்டின் இறுதியிலே சிக்குன்குன்யா யாழ்ப்பாணத்தைத் தாக்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே போர் காரணமாக ஏ9 வீதி மூடப்பட்டுக் குடாநாடு தரைவழித் தொடர்பை இழந்திருந்தது. அத்தகைய நெருக்கடியிலே, குனிந்த முதுகும் வீங்கிய மூட்டுமாக வீடு வீடாக மக்கள் வருந்தினர். பலர் சில வாரங்களிலே தேறினர். இந்நோய் சிலருக்கு மூட்டுவலியையும் தளர்ச்சியையும் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, விட்டுச்செல்லும் என்பது உலகெங்கும் அறியப்பட்டது. டெங்குக் காய்ச்சலின் பின்னும் இவ்வாறு நேர்வதுண்டு. 2020இலே தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்றின் பின்னரோ, காய்ச்சல் நீங்கியும் களைப்பு நீங்காதவர்கள் எல்லா நாடுகளிலும் தோன்றினர். நமது குடாநாட்டிலே இவர்களை யாரும் ஜேசன் எண்ணியதுபோல வீடு வீடாகச் சென்று எண்ணியதுண்டா? எண்ணப்படாத நோய் இல்லாத நோயாகவே கருதப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். களைப்பெல்லாம் இந்நோயன்று. கோவாவிலே பெண்களிடையே நடத்தி 2005இலே வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நூற்றுக்குப் பன்னிரண்டு பேரளவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட களைப்பால் வருந்தினர். வறுமையும் வாழ்க்கைத் துன்பமும் அக்களைப்போடு இணைந்திருந்தன. சிக்காகோவிலே கண்ட கணக்கோ நூற்றுக்கு அரைப்பங்கிலும் குறைவு. நீண்ட களைப்பு என்பது பெரிய வட்டம், இந்நோய் அதனுள் அடங்கிய சிறிய வட்டம் என்பது இவற்றால் விளங்கும். இரத்தச்சோகை, தைரொயிட் சுரப்பிக் குறைவு, நீரிழிவு, காசநோய் முதலிய பலவும் களைப்பைத் தருவன. சிகிச்சையால் தீரக்கூடிய இவற்றை முதலில் வைத்தியர் பரிசோதித்து நீக்கவேண்டும். அதன் பின்னரே இந்நோயின் பெயரைச் சொல்லலாம்.

போரும் இடப்பெயர்வும் தந்த மனவடுக்களையும் நாம் மறக்கலாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள் 1993இலே மனவடு என்னும் தமிழ் நூலையும், 1998இலே ஆங்கிலத்திலே ஒரு விரிவான நூலையும் எழுதி, நம்மக்கள் பட்ட துயரம் உள்ளத்தையும் உடலையும் எவ்வாறு தாக்கிற்று என்பதை உலகறியச் செய்தார். சொல்லமுடியாத துயரம் தலையிடியாகவும் நெஞ்சடைப்பாகவும் பெருமூச்சாகவும் உடலின்வழியே பேசும் என்பது உண்மை. ஆனால் இவ்வுண்மையை அளவுக்கு மீறி நீட்டினால் மறுபக்கத்திலே ஒரு பிழை வந்துசேரும். போர் கண்ட மண்ணிலே காரணந் தெரியாத நோயெல்லாம் மனத்தால் வந்ததே என்று முடிவுசெய்து, காய்ச்சலின் பின் வீழ்ந்த பெண்ணிடமும், "மனத்தைத் திடப்படுத்திக்கொள், எழுந்து நட" என்று கூறிவிடுவோம். றோயல் பிறீத் தாதிமாருக்கு 1970இலே நேர்ந்தது அதுவே. மனவடுவுக்கு உரிய பரிவை மனவடுவுக்குக் கொடுப்போம். உடல்நோய்க்கு உரிய ஆராய்ச்சியை உடல்நோய்க்குக் கொடுப்போம். இரண்டும் ஒருவரிடத்திலே கூடியிருந்தால் இரண்டையும் கொடுப்போம்.

இந்நோயால் மிகவும் வருந்துவோர் யார் என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடக்கவேண்டிய குடும்பப்பெண் ஒருத்தி ஏலாமற் கிடந்தால், அந்த வீட்டிலே எத்தனை நாள் பொறுப்பார்கள்? க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் புத்தகத்தைத் திறந்தும் வரிகள் மனத்தில் நில்லாது வருந்தினால், அவனுக்குக் கிடைப்பது பரிவா, ஏச்சா? கல்வியையும் உழைப்பையும் உயிரெனப் போற்றும் சமுதாயம் நம்முடையது. அந்தப் போற்றுதலே, உழைக்கமுடியாதவனைக் குற்றவாளிக்கூண்டில் நிறுத்திவிடக்கூடியது. நோயின் துன்பம் பாதி. நம்பப்படாத துன்பம் மறுபாதி.

ஆகவே பெயரைப் பற்றிய கேள்வி வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2015ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிட்ட அமெரிக்க அறிஞர் பழைய பெயரைக் கைவிட்டு, உடல் முழுவதும் முயற்சியைத் தாங்கமாட்டாத நோய் என்று பொருள்படும் ஒரு புதிய பெயரை முன்மொழிந்தனர். அது அங்கே வழக்கில் நிலைக்கவில்லை. ஆனால் அப்பொருளை உற்றுநோக்குங்கள். முயற்சியைத் தாங்கமாட்டாமை என்று அவர்கள் பல சொற்களாற் சுற்றிச் சொல்ல முயன்றதை, ஏலாமை என்று ஒரே சொல்லாலே நமது பாட்டிமார் சொல்லிவந்தனர். கிறீன் வகுத்த விதியின்படி முதலில் தமிழிலே தேடுவோமாயின், நீடித்த களைப்பு என்னும் மொழிபெயர்ப்பிலும் முயற்சி ஏலாமை என்பது நோயின் இயல்பை நன்கு உணர்த்துவதாகும். கேட்பவர் மனத்திலே பழிப்பை எழுப்பாமல் இரக்கத்தை எழுப்புவதும் அச்சொல்லுக்குரிய தனிநலம். வைத்தியரும் மொழியறிஞரும் இதனை ஆராய்ந்து முடிவுகாணட்டும்.

இந்நோயின் மூலகாரணம் இன்னும் முழுதும் துலங்கவில்லை. அதனைத் தீர்க்கும் மருந்தும் இதுவரை இல்லை. மருந்து வரும்வரை செய்யத்தக்கன சில உண்டு. காய்ச்சலின் பின் ஆறு மாதமாகியும் தேறாதவரை வைத்தியர் மீண்டும் அழைத்துக் கேட்கலாம். பாடசாலையும் அலுவலகமும் அவருக்கு ஓய்வும் குறைந்த வேலையும் கொடுக்கலாம். மருத்துவ பீடத்து மாணாக்கர் குடாநாட்டின் கிராமங்களிலே வீடு வீடாகச் சென்று எண்ணலாம். வீட்டிலுள்ளோர், "இன்றைக்கு என்ன செய்ய ஏலும்?" என்று கேட்டு, ஏலுமென்று சொன்ன அளவோடு நிறுத்தலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்குப் பணமும் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை. அது இன்று மாலையே தொடங்கக்கூடியது.